கையெழுத்து போடுறீங்களா ப்ளீஸ்? (பிங்கோ பற்றி ஒரு புலம்பல்)

முன்குறிப்பு: கொஞ்சம் நீளமான பதிவு. ஹெச்.ஆர். வேலைக்குப் போகணும்னு கனவோட இருக்கிற நம்ம வகுப்பு மக்கள் கையில இருக்கிற கல்லைக் கீழே வச்சிட்டுப் படிக்கவும். :-)

கல்லூரிக் கடைசி வருஷத்தில் இன்டர்ன்ஷிப் என்று ஒரு சடங்கு உண்டு. அந்தச் சடங்குக்காகச் சென்னையில் ஒரு கம்பெனியில் ஆறு வாரம் பொட்டி தட்டிவிட்டு வந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். வேலை நல்ல வேலைதான், கேன்டீன் சாப்பாடும் மோசமில்லை. நான் புலம்பப் போவது முதல் நாள் காலையில் நடந்த இருபது நிமிஷத்தைப் பற்றியும், அந்த இருபது நிமிஷம் ஆறாவது வாரத்தில் போய் முளைத்த இடத்தைப் பற்றியும்.

ஏ.சி. ஹால். புதுசாகச் சேர்ந்த நாங்கள் முப்பத்திரண்டு பேர். ஹெச்.ஆர். மேடம் சிரித்துக்கொண்டே வந்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். அஞ்சுக்கு அஞ்சு, இருபத்தஞ்சு கட்டம். நடுக்கட்டத்தில் ‘ஃப்ரீ’. மற்ற ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வரி. விமானத்தில் பறந்தவர். வெளிநாடு போனவர். செல்லப் பிராணி வளர்ப்பவர். நீச்சல் தெரிந்தவர். கிடாரோ கீபோர்டோ வாசிப்பவர். ட்ரெக்கிங் போனவர். கார் ஓட்டுபவர். சுத்த சைவம். சமீபத்தில் கல்யாணம் ஆனவர். இப்படியே இருபத்து நாலு. ஹால் முழுக்கச் சுற்றி, அந்த வரிக்குப் பொருந்துகிற ஆளைக் கண்டுபிடித்து, அந்தக் கட்டத்தில் கையெழுத்து வாங்கணும். ஒருத்தர் ஒரு தாளில் ஒரு முறைதான் போடலாம். வரிசையா அஞ்சு கிடைச்சதும் ‘பிங்கோ!’ன்னு கத்தணும். முதலில் கத்துறவங்களுக்கு ஒரு பெரிய சாக்லேட்.

இதுக்குப் பேர் ஐஸ் பிரேக்கராம். பனியை உடைக்கிறதாம். எங்க ஒடுகத்தூரில் ஜவ்வாது மலையைப் பார்த்த மாதிரி வீடு. மார்கழியில் எட்டு மணி வரைக்கும் எதிர்வீட்டுத் திண்ணை தெரியாது. அந்தப் பனியை யாரும் உடைச்சதா எனக்கு ஞாபகம் இல்லை. வெயில் ஏறினா அதுவே போயிடும். சரி, மேட்டருக்கு வருவோம்.

ஒருத்தர் ஓடி வந்தார். “ப்ரோ, ஃப்ளைட்ல போயிருக்கீங்களா?” இல்லை என்றேன். “வெளிநாடு?” இல்லை. “கிடார்?” இல்லை. அடுத்த ஆளிடம் போய்விட்டார். என் பேர் கேட்கவில்லை. அவர் பேரையும் சொல்லவில்லை. விளையாட்டின் விதிப்படி அவர் செய்தது சரி. என்னிடம் நின்றால் அவருக்கு நேரம் நஷ்டம்.

இன்னொருத்தர் பிராணி கேட்டார். “எங்க வீட்ல பதினோரு ஆடு இருக்குங்க” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “பெட் ப்ரோ, பெட்!” என்றார். அதில் ரெண்டு குட்டிக்குப் பேர்கூட உண்டு, ஒண்ணு என் கட்டில் மேலதான் தூங்கும், ஆனா விலை போகிற ஜீவன் செல்லப் பிராணி ஆகாது போலிருக்கு. நீச்சல் கட்டத்தில் மட்டும் எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. “எந்த பூல்ல கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டவருக்கு, கிணத்துல என்று சொன்னேன். ஐயோ பயமா இருக்காதா என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டார். நன்றி.

இருபது நிமிஷத்தில் நான் அடுத்தவர்களுக்குப் போட்டது ரெண்டு வகைக் கையெழுத்துதான்: நீச்சல், ‘காலை 5 மணிக்கு முன்னாடி எழுபவர்’. ரெண்டாவது எதனால் என்றால், எங்க ஊரிலிருந்து அணைக்கட்டு வழியா வேலூர் போய்க் கல்லூரிக்கு நேரத்துக்குச் சேர வேண்டுமானால் வேறு வழி கிடையாது. அதை ஏதோ யோகா பண்ணுகிற நல்ல பழக்கம் மாதிரி தாளில் அச்சடித்திருந்தார்கள். ஜெயித்தது யார் என்று சொல்லவே வேண்டாம். சென்னையிலேயே ஒரே கல்லூரியிலிருந்து நாலு பேராக வந்த கும்பலில் ஒருத்தர். முன்னமே தெரிந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி முன்னமே தெரிந்தவர்களோடு சாக்லேட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்.

இது வரைக்கும் என் கதை. என்னுடையது காமெடி. சீரியஸான கதை இனிமேல்தான்.

என்னோடு எங்க வகுப்பிலிருந்து இன்னொரு ஆளும் வந்திருந்தாள். மலைமேலேயிருந்து வருகிற பெண். (அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேரும் ஊரும் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள்.) எங்க அணைக்கட்டு தாலுக்காவிலேயே பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று மலைமேல் மூணு ஊராட்சி இருக்கிறது. அங்கேயிருந்து கீழே இறங்கிப் படிக்க வந்த ஒரு பிள்ளை எத்தனை தடவை அந்த மலையை ஏறி இறங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டால் எந்த ட்ரெக்கிங் கிளப்காரரும் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார். அவள் அந்த ஹாலில் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். ட்ரெக்கிங் கட்டத்தில் யாருமே அவளிடம் கையெழுத்து வாங்கவில்லை. அவளும் போய்ச் சொல்லவில்லை. சாயங்காலம் ஏன் சொல்லலை என்று கேட்டதற்கு, “வீட்டுக்குப் போறதை இன்னாத்துக்கு ட்ரெக்கிங்னு சொல்லணும்?” என்றாள். எல்லார் தாளிலும் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டவர், ஏலகிரிக்குக் காரில் போய் மேலே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தவர்.

ஹெச்.ஆர். மேடம் அவள் பக்கத்தில் வந்து, “ஏன்மா ஷையா? மிங்கிள் ஆகணும்” என்று அன்பாகத்தான் சொன்னார். கையில் இருந்த நோட்டில் என்னமோ குறித்துக்கொண்டார்.

இனி முளைத்த இடம். ஆறு வாரம் முடிந்து எங்களுக்கு மதிப்பீட்டுத் தாள் கொடுத்தார்கள். ‘டீமோடு பழகும் தன்மை’ என்று ஒரு வரி, அஞ்சுக்கு மதிப்பெண். எனக்கு மூணு. அவளுக்கு ரெண்டு. பக்கத்தில் ‘முதல் நாளிலிருந்தே ஒதுங்கி இருக்கிறார்’ என்று ஒரு குறிப்பு. எங்கள் குழுவில் நாலு பேர் கோடு உடைந்து நின்றபோது ராத்திரி உட்கார்ந்து தப்பு எங்கே என்று கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள். அது அந்த வரியில் வரவில்லை. அது பழகும் தன்மை இல்லையாம்.

அதனால்தான் ‘சும்மா ஜாலிக்குத்தானே, இதைப் போய்ப் பெரிசு பண்றியே’ என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. ஜாலி என்றால் யாரும் நோட்டில் குறிக்கக் கூடாது. குறிக்கிற இடத்தில் நடப்பது விளையாட்டு இல்லை, வைவா.

என் குற்றச்சாட்டை நேராகவே வைத்துவிடுகிறேன். ஆளுக்கு ஆள் கையெழுத்து வாங்குகிற இந்த பிங்கோ, மனுஷங்களைக் கலக்கிறேன் என்று சொல்லி வந்து பிரித்து அடுக்குகிற வேலையைச் செய்கிறது. யாரிடம் காசு இருந்தது, யார் வீட்டில் என்ன சமைப்பார்கள், யார் எந்த மாதிரி ஊரிலிருந்து வருகிறார்கள் என்று முப்பத்திரண்டு பேருக்கும் இருபது நிமிஷத்தில் தெரியவைத்துவிடுகிறது. அதுவும் சிரித்துக்கொண்டே.

இத்தனைக்கும் பிங்கோ என்ற விளையாட்டு மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. சொல்லப்போனால் நான் பிங்கோவின் பரம ரசிகன். கொஞ்சம் கொசுவத்தி சுத்துறேன், பொறுத்துக்கொள்ளவும். நம்ம கடைசி பெஞ்ச் பிங்கோ ஞாபகம் இருக்கிறதா? ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம். அஞ்சுக்கு அஞ்சு கட்டம் போட்டு, 1 முதல் 25 வரை எண்களை இஷ்டத்துக்கு நிரப்பி, ஒருத்தர் ஒரு எண், அடுத்தவர் ஒரு எண் என்று மாறி மாறிச் சொல்லி அடிக்கணும். நெட்டுக்கு அஞ்சு, படுக்கைக்கு அஞ்சு, குறுக்கே ரெண்டு, ஆக மொத்தம் பன்னிரண்டு கோடு இருக்கிறது. அதில் எந்த அஞ்சு கோடு முடிந்தாலும் பி, ஐ, என், ஜி, ஓ என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்து முதலில் முடிப்பவர் ஜெயித்தார். தெர்மோடைனமிக்ஸ் வகுப்பே இதில் கழிந்தது. (சார் இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.) அந்த மலைக்காரத் தோழி எனக்குப் பழக்கமானதே இந்த பிங்கோவில்தான். முதல் வருஷத்தில் முன்பெஞ்சில் இருந்தவள் திரும்பிப் பார்த்து, “17-ஐ அடிச்சா உனக்கு ரெண்டு கோடு முடியுது, அதை வுட்டுட்டு 4-ஐச் சொல்றியே” என்றாள். அன்றிலிருந்து தோழமை.

இந்த விளையாட்டின் பரம்பரையும் நல்ல பரம்பரை. இத்தாலியில் 1530-இல் தொடங்கிய அரசு லாட்டரியிலிருந்து வேர் எடுத்துச் சொல்வார்கள். அமெரிக்காவில் திருவிழாக் கடைகளில் அட்டைமேல் அவரைக்கொட்டை வைத்து விளையாடியதால் அங்கே இதற்கு ‘பீனோ’ என்று பெயர். எட்வின் லோ என்ற பொம்மை வியாபாரி 1929-இல் ஜார்ஜியாவில் அதைப் பார்த்துவிட்டு நியூயார்க் கொண்டுபோனார். அங்கே விளையாடிய யாரோ பதற்றத்தில் பீனோவுக்குப் பதில் பிங்கோ என்று கத்தியதாகக் கதை. சர்ச்சுகள் நிதி திரட்ட இதை எடுத்துக்கொண்டபோது, ஒரே நேரத்தில் பல பேர் ஜெயித்துத் தொலைக்கிறார்கள் என்று, கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் கார்ல் லெஃப்ளரைப் பிடித்து 6000 வெவ்வேறு அட்டைகள் தயாரிக்க வைத்தார் லோ. வேலையை முடித்தபோது பேராசிரியருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு வதந்தி உண்டு. நம்ம நாட்டில் இதே குடும்பத்து தம்போலா, ஹவுஸி எல்லாம் கல்யாண வீட்டு மொட்டைமாடியிலும் அப்பார்ட்மென்ட் பொங்கல் விழாவிலும் நடப்பது உங்களுக்கே தெரியும். மூணு வரிசை, ஒன்பது பத்தி, ஒரு சீட்டில் பதினைந்து எண், மொத்தம் தொண்ணூறு.

இதில் எல்லாம் ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? எண் பிங்கோ உங்களை ஒரு கேள்வியும் கேட்காது. 47 வந்தால் வந்ததுதான். நீங்கள் விமானத்தில் போனவரா, வீட்டில் வத்தக்குழம்பா கருவாட்டுக்குழம்பா, அப்பா என்ன வேலை, எதுவும் அதற்கு வேண்டாம். பாட்டியும் பேத்தியும், முதலாளியம்மாவும் சமையலுக்கு வந்த அக்காவும் ஒரே சீட்டை வைத்துக்கொண்டு உட்கார முடிகிற விளையாட்டு அது. அதன் அழகே அந்த அசட்டையில்தான் இருக்கிறது. கார்ப்பரேட் பெருமக்கள் அதிலிருந்து எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மனுஷனை வைத்துவிட்டார்கள். அதிர்ஷ்டத்துக்கு இருந்த இடத்தில் பயோடேட்டா வந்து உட்கார்ந்துகொண்டது.

உண்மையில் ‘இப்படிப்பட்ட ஆளைக் கண்டுபிடி’ என்கிற இந்தப் பயிற்சி ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளில் ரொம்ப நாளாக இருப்பது. ‘உனக்குத் தம்பி இருக்கிறானா’, ‘உனக்கு நீச்சல் தெரியுமா’ என்று நாற்பது பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டால் வாய் பழகும். அங்கே அது சரி. பதில் என்ன என்பது அங்கே முக்கியமே இல்லை, கேள்வியைத் தப்பில்லாமல் கேட்கிறானா என்பதுதான் விஷயம். ஆபீஸில் பதில்தான் எல்லாமே.

இப்போது அந்தத் தாளில் இருந்த ரெண்டு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, ‘சுத்த சைவம்’. எழுதியவர் சாப்பாட்டைத்தான் நினைத்திருப்பார். ஆனால் நம்ம ஊரில் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி நின்றுகொண்டிருக்கிறது என்பது பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும். வாடகைக்கு வீடு தேடிப் போனால் முதல் கேள்வியே அதுதானே? ‘நீங்க நான்வெஜ்ஜா?’ என்று கேட்பவர் உங்கள் வீட்டுக் குழம்பு ருசியா என்று அறியும் ஆவலில் கேட்கவில்லை. இன்னொரு கம்பெனித் தாளில் ‘வித்தியாசமான சர்நேம் உள்ளவர்’ என்று ஒரு கட்டம் இருந்ததாக நம்ம வகுப்பு நண்பன் சொன்னான். இங்கே ஒரு தகவல். அந்த பொம்மை வியாபாரி பிங்கோவைக் கண்டெடுத்த அதே 1929-இல், பிப்ரவரி மாதம், செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதனால்தான் உங்களுக்கும் எனக்கும் வெறும் இனிஷியல். கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து ஒரு சாக்லேட்டைக் காட்டி அதைத் திரும்பக் கேட்கிறார்கள். சர்நேம் இல்லாத நாம் எல்லாரும் அந்தக் கட்டத்தில் ஃபெயில்.

ரெண்டு, ‘சமீபத்தில் கல்யாணம் ஆனவர்’. கேட்கச் சந்தோஷமான கட்டம்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் 2024 ஜூனில் விரிவாகச் செய்தி போட்டது. பாகுபாடு காட்டுவதில்லை என்று கம்பெனி மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் துறை தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. யார் சொன்னது எவ்வளவு சரி என்ற வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். நான் சொல்வது, கல்யாணம் ஆயிடுச்சா என்ற கேள்வி ஒரு பெண்ணின் வேலையைத் தீர்மானிக்கிற ஒரு மாநிலத்தில், அந்தக் கேள்வியை ஹெச்.ஆர். ஆபீஸரே தாளில் அச்சடித்து, ‘போய்க் கண்டுபிடிச்சுக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க’ என்று முப்பத்திரண்டு பேரை அனுப்பக் கூடாது. நேர்காணலில் கேட்கத் தயங்குகிற கேள்வி எல்லாம் விளையாட்டில் தயங்காமல் வருகிறது.

அதே ஆலையை வைத்து இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 2021 டிசம்பரில் அங்கே வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி 150-க்கு மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அதற்கப்புறம் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். ஆலை மூடி, ஜனவரியில்தான் திறந்தது. பல மாவட்டங்களிலிருந்து வந்து, வெவ்வேறு விடுதிகளில் தங்கி, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் முகம் மாறுகிற இடம் அது. அவர்களுக்கு நடுவில் இருந்த பனியை எந்த பிங்கோ உடைத்தது? எல்லாருக்கும் ஒரே தட்டில் வந்து விழுந்த பிரச்சினை உடைத்தது.

இதை நான் மட்டும் ஊகமாகச் சொல்லவில்லை. முசாஃபர் ஷெரீஃப் என்ற சமூக உளவியல்காரர் 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 22 பையன்களைக் கூட்டிக்கொண்டுபோய் முகாம் போட்டார். ஈகிள்ஸ், ராட்லர்ஸ் என்று ரெண்டு அணி. போட்டி வைத்தார், அடிதடி அளவுக்குப் பகை வளர்ந்தது. பிறகு சமாதானம் செய்து பார்க்க, சேர்த்து உட்காரவைத்து சாப்பாடு போட்டார், சினிமா காட்டினார். பிரயோஜனம் இல்லை, சாப்பாட்டை எடுத்து ஒருத்தர் மேல் ஒருத்தர் வீசிக்கொண்டார்கள். அப்புறம் முகாமுக்குத் தண்ணீர் வரும் வழியை அடைத்தார். சாப்பாடு எடுத்துவர வேண்டிய லாரி ‘ஸ்டார்ட் ஆகவில்லை’. ரெண்டு அணியும் சேர்ந்து கயிறு கட்டி லாரியை இழுத்தார்கள். முன்னால் எதிரெதிராக வடம் இழுத்த அதே கயிறு. பகை குறைய ஆரம்பித்தது அங்கேதான். அந்த ஆய்வில் ஷெரீஃப் பையன்களைத் தூண்டிவிட்டார் என்று விமர்சனம் எல்லாம் உண்டு. ஆனாலும் சும்மா ஒரே ஹாலில் விட்டால் போதாது, சேர்ந்து இழுக்க ஒரு லாரி வேண்டும் என்கிற விஷயத்தை எங்க ஊர் ஆட்களிடம் சொன்னால், ‘இதுக்கு இன்னாத்துக்குடா ஓக்லஹோமா’ என்பார்கள்.

ட்ரெய்னிங்கில் இன்னொரு ஸ்லைடு போட்டார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள்: டீம் உருவாகும், முட்டும், பழகும், வேலை செய்யும் என்று நாலு படி. புரூஸ் டக்மன் 1965-இல் எழுதியது. அவர் தொகுத்த கட்டுரைகளில் பெரும்பங்கு மனநல சிகிச்சைக் குழுக்களைப் பற்றியவை என்பதை ஸ்லைடில் போடமாட்டார்கள். டீம் பில்டிங் பலன் தருகிறதா என்று ஏகப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து வைத்து 1999-இல் எட்வர்டோ சலாஸ் குழு பார்த்தபோது, மொத்தத்தில் வேலைத்திறன் மேல் குறிப்பிடும்படி விளைவு இல்லை. கொஞ்சமாவது உதவியது, யாருக்கு எந்தப் பொறுப்பு என்று தெளிவாக்குவதுதான். நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், 2009-இல் இன்னும் நிறைய ஆய்வுகளை வைத்து மறுபடி பார்த்தபோது ஆளுக்கு ஆள் உறவை வளர்க்கும் பயிற்சிகளுக்கும் ஓரளவு பலன் தெரிந்தது. அப்போதும் முன்னால் நின்றது இலக்கு வைப்பதும் பொறுப்பைத் தெளிவாக்குவதும்தான். எங்கள் ஆறு வாரத்தில் யாருக்கு எந்தப் பொறுப்பு என்பது மூணாவது வாரம் வரைக்கும் எங்க டேமேஜருக்கே தெரியாது என்பது கிளைக்கதை. யார் வீட்டில் நாய் இருக்கிறது என்பது மட்டும் முதல் நாளே தெரியும்.

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சுலபமாகப் புரியும். மலையிலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு வருபவர், வெளியூர் வியாபாரி, டெம்போக்காரர், டீக்கடைக்காரர். விடியற்காலையில் ஒருத்தருக்கொருத்தர் யாரென்று தெரியாது. ஆட்டின் பல்லைப் பார்த்து, தூக்கி எடை பார்த்து, ரேட்டுக்குச் சண்டை போட்டு, ‘இன்னாபா இப்படிச் சொல்றே’ என்று ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் ஒரே பெஞ்சில் டீ குடிப்பார்கள். அடுத்த வாரம் பார்த்தால் ‘போன வாரம் வாங்கினியே அந்தக் கிடா எப்படி இருக்குது’ என்பார்கள். சந்தையில் சாதி இல்லை, சண்டை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இருக்கிறது, நல்லாவே இருக்கிறது. ஆனால் அங்கே பேச்சுக்கு நடுவில் ஒரு ஆடு நிற்கிறது. அந்த ஆட்டைப் பற்றிப் பேசிப் பேசித்தான் ஆள் தெரிகிறான். எங்கள் ஹாலில் நடுவில் ஆடு இல்லை. நாங்களே ஆடு. வந்தவர்கள் எல்லாரும் பல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

என்னோடு வேலை செய்த இன்னொரு பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். சென்னைப் பெண், நல்ல மாதிரி. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “எனக்கு அந்த பிங்கோ இல்லைன்னா அன்னிக்கு யார்கிட்டயும் பேசியே இருக்கமாட்டேன். நான் கூச்ச சுபாவம். பேச ஒரு சாக்கு கிடைச்சுது” என்றார். இந்தப் பதில் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது, அதை மறைக்க விரும்பவில்லை. கூச்சப்படுகிறவர்களுக்குச் சாக்கு வேண்டும்தான். ஆனால் அவர் எத்தனை கட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டேன். யோசித்து, பதினொன்று என்றார். பதினொரு கட்டம் உள்ள கூச்சமும் ரெண்டு கட்டம் உள்ள கூச்சமும் ஒன்றில்லை. அவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். என் தோழியிடம் வந்தவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

கட்டங்களை மாற்றிவிட்டால் சரியாகிவிடுமே என்பது இன்னொரு நண்பனின் யோசனை. ‘ஆடு மேய்த்தவர்’, ‘கிணற்றில் குதித்தவர்’, ‘சாமைச்சோறு சாப்பிட்டவர்’ என்று போட்டால் நீங்கள்தானே ராஜா என்கிறான். யோசித்துப் பார்த்தேன், எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த மலைக்காரப் பெண்ணைச் சுற்றி இருபது பேர் பேனாவோடு வந்து நின்று, ‘வாவ், நிஜமாவே மலையிலயா இருக்கீங்க’ என்பார்கள். ஓரமாக நிற்பதைவிட அது கொடுமை. காட்சிப்பொருளாக நிற்க அவள் மலையிறங்கி வரவில்லை. தவிர, இருபது நிமிஷத்தில் இருபத்து நாலு கையெழுத்து என்றால் ஆளுக்கு ஐம்பது விநாடி. ஐம்பது விநாடியில் தெரிந்துகொள்ள முடிகிற எதையும் ஒரு மனுஷனைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே மேல்.

ஊழியர்கள் இந்த அபத்தத்தை எப்போதோ கண்டுகொண்டு பதிலடியும் கொடுத்துவிட்டார்கள் என்பது ஒரு ஆறுதல். 1993-இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியில் டாம் டேவிஸ் என்பவர், மீட்டிங்கில் மேனேஜர்கள் உதிர்க்கும் பந்தா வார்த்தைகளைக் கட்டத்தில் போட்டு ஒரு பிங்கோ தயாரித்தார். அடுத்த வருஷம் டில்பர்ட் கார்ட்டூனில் வந்து உலகம் முழுக்கப் பரவியது. 1996-இல் எம்.ஐ.டி. பட்டமளிப்பு விழாவில் அல் கோர் பேசியபோது மாணவர்கள் அவர் பேசப்போகும் வார்த்தைகளை அட்டையில் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பாருங்கள், இதில் கட்டத்துக்குள் மாட்டுவது மேடையில் இருப்பவர். கீழே உட்கார்ந்திருப்பவனுக்குச் சிரிப்பு. திசை சரியாக இருக்கிறது.

சரி, எல்லாத்தையும் குறை சொல்றியே, முதல் நாள் என்னதான் பண்றது என்று கேட்பீர்கள். நான் ஹெச்.ஆர். ஆனால் (ஆகமாட்டேன்) முதல் நாள் சொல்ல வேண்டியதைச் சொல்லுவேன். பாத்ரூம் எங்கே, ஸ்டைபெண்ட் எந்தத் தேதி வரும், லேப்டாப் படுத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடணும், மதியம் எத்தனை மணிக்கு எழுந்து போனால் டேமேஜர் முறைக்க மாட்டார். இதெல்லாம் எங்களுக்குச் சொல்லப்படவே இல்லை. ரெண்டாவது நாள் முழுக்க ஐ.டி. கார்டு வேலை செய்யாமல் லிஃப்ட் வாசலில் நான் நின்றபோது செக்யூரிட்டி அண்ணன்தான் காப்பாற்றினார். ஆறு வாரத்தில் நான் உருப்படியாகப் பழகிய முதல் ஆள் அவர்தான். ஆரணிக்காரர். அப்புறம், நாலு நாலு பேராகப் பிரித்து ஒரு சின்ன நிஜ வேலையைக் கொடுப்பேன். உடைந்த ஒன்றைச் சரி செய்யச் சொல்லலாம், அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் நாற்காலி ஏற்பாடு பண்ணச் சொன்னால்கூடப் போதும். விளையாட்டுதான் வேண்டும் என்றால் எண் பிங்கோ. பரிசு பெரிய சாக்லேட் வேண்டாம், ஆளுக்கு ஒரு கடலைமிட்டாய். நோட்டில் குறிக்கிறவர் அந்த நேரம் ஹாலுக்கு வெளியே போய் நிற்க வேண்டும்.

கடைசி நாள் மதிப்பீட்டுத் தாளை வாங்கிக்கொண்டு நாங்கள் ரெண்டு பேரும் காட்பாடி ரயிலில் ஏறினோம். அரக்கோணம் வரைக்கும் அவள் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பையிலிருந்து அந்த முதல் நாள் தாளை எடுத்தாள். பத்திரமாக மடித்து வைத்திருந்தாள், ஒரு கையெழுத்துகூட இல்லாமல். திருப்பிப் போட்டு வெற்றுப் பக்கத்தில் அஞ்சுக்கு அஞ்சு கட்டம் போட்டாள். நான் என்னுடையதைத் திருப்பினேன். வாலாஜா தாண்டுவதற்குள் மூணு ஆட்டம். ரெண்டு அவள், ஒன்று நான். மூணாவது ஆட்டத்தில் 13-ஐ நானே வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன்.